ரெண்டாம் பெல் சாரும் பதினேழாம் நம்பரும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் சூரியன் ஒரு நாள் தாமதமாக உதித்திருந்தால், அதையும் வராந்தாவில் நிற்கவைத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் ரெண்டாம் பெல் சார்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் உபயோகித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முதல் பெல், சரியாகப் பத்துக்கு ரெண்டாம் பெல். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எங்கள் ஐந்தாம் பாரத்து வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் அரை நாள் ஆப்சென்ட்தான். ஒரு நாள் தலைமையாசிரியரே வந்து கதவைத் தட்டினார்.

“யாரது?”

“நான்தான்யா!”

“நான்னு ஒரு பேரு ரிஜிஸ்தர்ல இல்லீங்களே.”

குரல் தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று ஆசிரியர்கள் ஒரு மாசம் வாதாடினார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்தேதான்.

சாக்குப்போக்கெல்லாம் அவரிடம் செல்லாது. “கம்மா ஒடஞ்சிருச்சு சார், சுத்திக்கிட்டு வந்தேன்” என்றால் குனிந்து வேட்டியைப் பார்ப்பார். முழங்கால் வரை ஈரம் இருந்தால்தான் கண்மாய் உடைந்ததாக அர்த்தம். இது தெரிந்ததும் பையன்கள் கிணற்றடியில் வேட்டியை நனைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பங்குனி மாசத்தில் ஒருவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். “ஊரே குடிக்கத் தண்ணியில்லாமக் கெடக்கு. ஒனக்கு மட்டும் எங்கிட்டுடா கம்மா ஒடஞ்சுச்சு?” என்றார். அன்று முழுக்க அவன் வெயிலில் காய்ந்தான். வேட்டியும் காய்ந்தது.

அவருக்கும் அதே சட்டம்தான். ஒரு மழை நாளில் சைக்கிள் பஞ்சராகி, மூன்று நிமிஷம் கழித்து வந்து சேர்ந்தார். எங்களுக்கு உள்ளே தீபாவளி. சார் வராந்தாவிலேயே குடையும் கையுமாக நின்றார். “உள்ள போங்க சார், பயலுக கூரையப் பிரிக்கிறாங்ய” என்று பியூன் கெஞ்சினார். “லேட்டா வந்தவன் எப்பிடியா உள்ள போவான்?” என்று சொல்லிவிட்டு, முதல் பீரியட் முடிகிறவரை நகரவில்லை.

அவருடைய பெரிய பெருமை ஆஜர் எடுக்கும் வேகம். பெயர் சொன்னால் நேரம் வீணாகும் என்று நம்பர்தான் கூப்பிடுவார். ரிஜிஸ்தரில் வைத்த கண்ணை எடுக்காமல் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று ஓடுவார். “ஆஜர், ஆஜர்” என்று நாங்கள் பின்னால் ஓட வேண்டும். நாற்பத்திரண்டு பையன்களும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுவோம்.

பதினேழு, சவரிமுத்து. பதினெட்டு, நான். ஒரே பெஞ்சு.

சவரிமுத்துவுக்கு ஊர் ஆவூர். தகப்பன் இல்லை. மகன் படிக்க வேண்டுமென்று அவன் ஆத்தா புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்துக்கு வந்து, வீடு வீடாக நெல் குத்திக்கொண்டிருந்தார். அது சண்டைக்காலம். பட்டாளத்தில் சேர்ந்தால் சோறும் போட்டுச் சம்பளமும் தருவார்கள் என்று அவன் அடிக்கடி சொல்லுவான். இன்னும் ஒரு நாள் மட்டம் போட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற நிலை அவனுக்கு. ஒரு நாள் சாயங்காலம், “நாளைக்கு ஒரே ஒரு நா, எனக்கும் சேத்து ஆஜர் சொல்லிர்றா” என்றான். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. பெரிய உபகாரம் செய்கிறோம் என்று நினைப்பு.

மறுநாள், “பதினேழு” என்றதும் மூக்கால் ஒரு ஆஜர் சொன்னேன். “பதினெட்டு” என்றதும் வாயால் ஒன்று. சார் நிமிரவே இல்லை.

அரைமணி கழித்துக் கதவு தட்டப்பட்டது. சவரிமுத்துவின் ஆத்தா. மூச்சிரைக்க நின்றார்.

“சாமி, எம்மகன் பள்ளிக்கொடம் வந்துருக்கானாங்க? வெள்ளனயே கெளம்பிட்டான். நல்ல சட்டையவும் காணோம். பட்டாளம் பட்டாளம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான் சாமி.”

சார் அறைக்குள் திரும்பிப் பார்க்கவில்லை. ரிஜிஸ்தரைத்தான் பார்த்தார். “பதினேழு ஆஜர். வந்துருக்கான் தாயி. தைரியமாப் போயிட்டு வாங்க.”

அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரம்புக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். திருச்சி ரயில் பதினொன்றரைக்குத்தான். நேரே ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் மகனைப் பிடித்திருப்பார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் அவர் நின்றார். பையன்கள் நாங்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு சாரிடம் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“வந்துருக்கான்னு சொன்னீங்களே, சாமி?”

சார் ரிஜிஸ்தரைப் பிரித்துப் பார்த்தார். பிறகு காலி பெஞ்சைப் போய்ப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனவர் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. அவருடைய சர்வீஸில் அதுதான் முதல் ஆப்சென்ட். திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தாராம். வயசைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்துவிட்டான், முந்தின நாளே வடக்கே அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பி வந்தவர் கதவைச் சாத்துவதை விட்டுவிட்டார். நம்பரையும் விட்டார். பெஞ்சு பெஞ்சாக வந்து, பெயர் சொல்லி, ஒவ்வொருவன் தலையிலும் கை வைத்துப் பார்த்துத்தான் ஆஜர் போடுவார். அரைப் பீரியட் அதிலேயே போய்விடும். நாங்கள் அக்காலத்தில் வஞ்சனையில்லாமல் எண்ணெய் தடவுகிறவர்கள். நாற்பத்தோரு தலை எண்ணெயும் ரிஜிஸ்தரில் இறங்கியது. “என்னய்யா இது, ரிஜிஸ்தரா, வடை மடிச்ச காயிதமா?” என்று தலைமையாசிரியர் கத்தினார். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடுமே.

மறு வருஷம், நான் ஆறாம் பாரத்தில் இருந்தபோது, பர்மா பக்கத்தில் சவரிமுத்து செத்துப்போனதாகக் காகிதம் வந்தது. அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. சார் வீட்டுக்குப் போய் நின்றேன்.

“சார், அன்னிக்கி ஆஜர் சொன்னது…”

“தெரியும்டா. அன்னிக்குச் சாயங்காலமே நெனச்சுப் பாத்துட்டேன். ஒங் கொரலு எனக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏன் சார் என்னைய ஒண்ணுமே கேக்கலை?”

அவர் என் தலையில் கை வைத்தார்.

“கேட்டா நீ பயந்துக்கிட்டு மறுநா வரமாட்டே. ஒருத்தனத் தொலைச்சது போதும்னு விட்டுட்டேன்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். அதற்குப் பிறகு பள்ளிப்படிப்பு முடிகிறவரை நான் ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. காய்ச்சல் அடித்தபோதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனேன். படிப்பின் மேல் ஆசை என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள். அந்த மனுஷன் என்னையும் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்றுதான் போனேன்.