பூசணிப் பூவும் நூறு வாட் பல்பும்

பெற்ற அப்பாவுக்கு ஊரறியப் பெண் தேடியவன் நான். அதுவும் அவருக்கே தெரியாமல். (எனக்கும் தெரியாமல்தான் என்றால் யார் நம்புகிறார்கள்?) எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், ஒரு மார்கழியில் நடந்த கூத்து இது. என் நோக்கம் என்னவோ நல்லதுதான். குளிர்காலத்தில் அழுது வடிந்த வீட்டைக் கொஞ்சம் கலகலப்பாக்க நினைத்தேன்.

அந்த வருஷம் ஆவணியில்தான் அக்காவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தோம். எனக்கு எட்டு வயதில் அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டை நடத்தியது அக்காதான். விழுப்புரம் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் தலைதீபாவளிக்கு வந்துபோனவள் அப்புறம் வரவே இல்லை. அவள் மாமியாரும் அனுப்பவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. "கட்டிக் குடுத்த பொண்ணைச் சும்மா சும்மா கூப்ட்டுக்கினு இருந்தா அவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். எனக்கும் அவளைப் பார்க்காமல் ஒன்றும் ஓடவில்லை. ஆனால் இருபது வயது ஆண்பிள்ளை இதை வெளியே சொல்ல முடியுமா?

கார்த்திகை மழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறிப்போயிருந்தது. மார்கழி பிறந்ததும் பனி வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டுக்குள் இருட்டிவிடும். அப்பா மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். வேலை முடிந்து வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

"லைட்டு போடட்டுமாப்பா?"

"எதுக்கு?"

அக்காவிடமிருந்து வந்த இன்லேண்டு லெட்டரை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். 'அப்பா நேரத்துக்குச் சாப்பிடுறாரா? நான் ஆடியில போட்ட பூசணி பூத்துச்சா?' இரண்டு கேள்விக்கும் அப்பா "உம்" என்பார்.

நான் அப்போது ஐ.டி.ஐ.யில் வரைபடப் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். (காத்திருந்தேன் என்பது நான் சொல்வது. தெருவில் அதற்கு வேறு பெயர்.) கையில் நேரம் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு நாள் முடிவு செய்தேன்: அக்கா இருந்தபோது வீடு எப்படி இருந்ததோ, அப்படி ஆக்கிக் காட்டுவது.

முதலில் கூடத்தில் இருந்த இருபத்தைந்து வாட் பல்பைக் கழற்றிவிட்டு நூறு வாட் மாட்டினேன். அது எரிந்தவுடன் சுவரில் இருந்த ஓதம் முழுவதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அதை மறைக்க அக்கா விட்டுப்போன மஞ்சள் தாவணியைத் திரையாகத் தொங்கவிட்டேன். சாம்பிராணி போட்டேன். புகை தாங்காமல் அப்பா வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். சரி, காற்றாடவாவது எழுந்தாரே என்று திருப்திப்பட்டேன்.

அடுத்தது கோலம். மார்கழியில் கோலமில்லாமல் கிடந்தது எங்கள் வாசல் ஒன்றுதான். விடியற்காலையில் எழுந்து, தண்ணீர் தெளித்து, ஸ்கேலும் நூலும் வைத்து அளந்து புள்ளி குத்தினேன். ஒரு கோடு பிசகவில்லை. எதிர்வீட்டு ராஜேஸ்வரி அத்தை குடத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"இன்னா தம்பி, வீடு கட்டப் போறியா? பிளான் போட்டு வெச்சிருக்கிற?"

படித்த படிப்பு எங்கே போகும்? அந்த பிளானுக்கு உயிர் கொடுக்கத்தான் கொல்லைப்பக்கம் போனேன். அக்கா போட்ட கொடி குளியலறைக் கூரை மேல் ஏறி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்தது. நாலு பூவைப் பறித்து, சாணி உருண்டை பிடித்து, அதில் செருகி, கோலத்தின் நடுவில் வைத்தேன். அத்தை அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பூ வேறயா! நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் மார்கழிக் கோலத்தில் பூசணிப் பூ வைத்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இருக்கிறது, தை பிறந்ததும் பேச வரலாம் என்பதுதான் அது. போன மார்கழியில் அக்கா வைத்த பூவைப் பார்த்துத்தான் விழுப்புரத்துச் சம்பந்தமே வந்ததாம். இது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. அக்கா கோலம் போட்ட ஒரு காலையிலும் நான் எழுந்ததில்லை. நான் எழுந்து வரும்போது பூவை ஆடு தின்றிருக்கும்.

தெருமுனை டீக்கடையில் நடந்த ஆராய்ச்சி எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வீட்டில் பெண் இல்லை, கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் பையனுக்கா? "அவனுக்கு எவன் குடுப்பான்?" என்று டீக்கடைக்காரர் அந்தப் பேச்சை ஒரே வரியில் முடித்துவிட்டாராம். மிச்சம் இருப்பது யார்? நாற்பத்தொன்பது வயதில், பன்னிரண்டு வருஷமாகத் தனி ஆளாக இருக்கிற அப்பா. ஒரு வாரம் முழுக்க நான் தினமும் நாலு பூ வைத்து அந்தச் செய்தியை உறுதிப்படுத்திக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் காலை, அப்பா மண்டிக்குப் போன பிறகு, பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் கையில் தோல் பை.

"மார்கழியில ஒண்ணும் பேசக்கூடாது தம்பி. சும்மா பார்த்துட்டு, தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போறோம்" என்றார்.

உட்காரச் சொல்லி, பகலென்றும் பாராமல் நூறு வாட்டைப் போட்டேன். அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "வீடு வெளிச்சமாத்தான் இருக்குது" என்றாள். என் பத்து நாள் உழைப்புக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை! உச்சி குளிர்ந்துபோனேன்.

"அப்பாவுக்குச் சக்கரை கிக்கரை எதுனா இருக்குதா?" என்று அவர் கேட்டார்.

தோல் பை, சர்க்கரை வியாதி விசாரணை. இன்சூரன்ஸ் ஆள் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். (எனக்கு மூளை ஜல்தியாக வேலை செய்யும்.) "ஒண்ணும் கிடையாதுங்க. தினம் சைக்கிள்லதான் போறாரு. ஒரு பல்லுகூட ஆடலை" என்று அடித்துச் சொன்னேன்.

"குடி கிடி?"

"டீதாங்க."

"பாவம், தனியா கஷ்டப்படுறாரு போல" என்றாள் அந்த அம்மாள்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் என்னமோ உடைந்துவிட்டது. நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததை அவர்களிடம் கொட்டினேன். "ஆமாங்க. சாயங்காலம் ஆனா செவுத்தையே பார்த்துக்கினு இருக்கறாரு. வீட்டுல ஒரு பொம்பளை இருந்தாத்தான் சரியாவும்." நான் சொன்னது அக்காவை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அக்காவை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது என்று அவர் கேட்டார். தெரு, கதவு எண், வாசலில் நிற்கும் வேப்பமரம் வரைக்கும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. மண்டி லீவு. அப்பா கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று என் கோலத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு பையோடு அக்கா வந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பையை வாங்கலாம் என்று நினைத்தேன், முகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"யாருடா பூ வெச்சது?"

"நான்தான். எப்பிடி இருக்குது?"

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏம்பா, நான் போயி நாலு மாசம் முழுசா ஆவலை. கட்டிக்கணும்னு இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எவங்களோ வந்து எங்க மாமியார்கிட்ட உங்களைப் பத்தி விசாரிக்கறாங்க. 'போயி இன்னான்னு பார்த்துட்டு வா'ன்னு அவங்களே பஸ் ஏத்தி விட்டாங்க. எனக்கு எவ்ளோ பேஜாரா இருந்துச்சு தெரியுமா?"

அப்பாவின் டம்ளர் பாதியில் நின்றது. "யாரு, யாரைக் கட்டிக்கறது?"

"வீட்டுல ஒரு பொம்பளை வேணும்னு இவன்தான் அழுதானாமே!"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவங்க... இன்சூரன்ஸ் ஆளுங்க இல்லையா?" என்றேன்.

முதலில் சிரித்தது அப்பாதான். ஆவணிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டீ புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா பையாலேயே என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். சாத்திக்கொண்டே அவளும் சிரித்தாள், அழவும் செய்தாள். எல்லாம் அடங்கின பிறகு அப்பாவிடம் கேட்டாள்.

"இவன்தான் மக்கு. பூ வெச்சா இன்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்."

"அப்ப எடுடான்னு சொல்றதுதானே?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "காலையில கதவைத் தொறந்தா வாசல்ல பூ இருக்குது. நீ உள்ள இருக்கறாப்ல இருந்துச்சு. அதான் எடுக்கச் சொல்லலை."

எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நூறு வாட் பல்பு கூசுகிறது என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அக்கா நாலு நாள் இருந்தாள். வந்த அன்றைக்கே என் நூறு வாட்டைக் கழற்றிப் பழைய பல்பை மாட்டினாள். தாவணித் திரையை உருவித் துவைத்துப் போட்டாள். அவள் சட்டியில் கடுகு தாளிக்கிற சத்தமும் என்னைத் திட்டுகிற சத்தமும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தன. அப்பா அவளை எதையாவது கேட்டுக்கொண்டே சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வாட்டே போதுமானதாக இருந்தது.

அக்கா வந்த மறுநாள் அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து பிரம்மதேசத்துக்கு மிதித்தார். நடந்ததைச் சொல்லி, கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர்களும் பெருந்தன்மையாகச் சிரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த மனிதரின் தங்கைக்காக. அந்தத் தங்கை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. இந்தக் கதையில் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் எனக்கு இன்றுவரை சிரிப்பு வருவதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'உன்னைப் பார்க்கணும்போல இருக்குது' என்று யாரும் சொன்னதில்லை. "பூ வெக்கட்டா?" என்றுதான் கேட்போம். அப்பா கடைசிவரை கார்டில் அந்த இரண்டு வார்த்தை எழுதிப் போடுவார். அடுத்த பஸ்ஸில் அக்கா வந்துவிடுவாள்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. போன மார்கழியில் போன் செய்து, "பூ வெக்கட்டாக்கா?" என்றேன். "வெச்சாலும் வர முடியாதுடா, முட்டி மடக்க முடியலை" என்றாள். குரல் என்னமோ போல இருந்தது. மறுநாள் விடிந்ததும் கொடியிலிருந்து நாலு பூவைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். சாணி உருண்டை பிடித்து அவள் வீட்டு வாசலில் நான் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, கதவைத் திறந்தார். எழுபதைத் தாண்டியவர். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டேய், எனக்கு இன்னொண்ணு தாங்காதுடா!"

உள்ளே கட்டிலிலிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.