கல்லாகாத கட்டி

கிழக்கேகோட்டையில் இறங்கி யாரிடமும் வழி கேட்க வேண்டாம். கூட்டம் போகிற பக்கம் போனால் போதும். சிலானந்த சுவாமி அங்கேதான் மண்ணைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. நம் ஜனம் ஓட்டுப் போடக்கூடப் பழகிவிட்டது. யோசிக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

சங்கதி இதுதான், மக்களே. பிள்ளையில்லாத பெண்ணின் கையில் சுவாமி ஈரச் செம்மண் கட்டி ஒன்றைத் தருவார். அவள் அதை வயிற்றில் ஒற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மண்டலம் அது அவர் பூஜையறையில் இருக்கும். மந்திரத்தால் கல்லானால் பிள்ளை உண்டு. குழைந்தே கிடந்தால் வயிறு பாழ். காணிக்கை கனத்த வீட்டுக் கட்டியெல்லாம் தவறாமல் கல்லானது. மந்திரத்துக்கும் கண் இருக்கிறது, பாருங்கள்.

கூட்டம் சாய்ந்து நின்ற சுவரும் அதே செம்மண் நிறத்து வெட்டுகல், பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல். பக்கத்து ஸ்ரீவராகம் தெருக்களில் பாதி வீடு அதே கல். அதையெல்லாம் எந்தச் சுவாமி மந்திரித்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பிள்ளை வேண்டிக் கட்டி வாங்க வந்த பொன்னம்மைக்கு மட்டும் அது உறுத்தியது. போன மழையில் விழுந்த பின்சுவருக்குப் புதுக் கல் வண்டியில் வந்து இறங்கியபோது, அவள் சும்மா நகத்தால் கீறிப் பார்த்தாள், கோடு விழுந்தது. இப்போது அதே கல்லில் அரிவாள் பட்டால் அரிவாள்தான் மழுங்குகிறது. அதனால் சுவாமியிடம் கட்டியைத் திருப்பிக் கொடுக்கும்முன் ஒரு மூலையை ஒடித்து மடியில் செருகிக்கொண்டாள். வீட்டுக் கிணற்றுச் சுவரில், வெயிலில் வைத்தாள்.

மாமியார் சிவகாமியம்மாள் முன்பே சொல்லியிருந்தாள்: "ஏட்டி, கல்லாகல்லேன்னா நீ சுசீந்திரத்துக்கு உங்கம்மைகிட்டப் போயிரணும். பூதலிங்கத்துக்கு வேற பெண்ணு பாத்தாச்சு." பூதலிங்கம், பொன்னம்மையின் புருஷன், வாயைச் சாப்பிட மட்டும் திறப்பவன்.

மண்டலம் முடிகிற நாளும் வந்தது. சுவாமி வாழையிலையைப் பிரித்தார். கட்டி கொடுத்த உருவிலேயே, ஈரமாய்க் குழைந்தே கிடந்தது.

"தோஷம்," என்றார், ரொம்ப வருத்தமாக.

"பெட்டியைக் கட்டு மோளே," என்றாள் சிவகாமியம்மாள். கை மருமகள் தோளை ஒருமுறை தொட்டு விலகியது.

"கட்டுகேன் அத்தை. அதுக்கு முந்தி இதையும் சாமி பாக்கட்டும்."

வெயிலில் காய்ந்த அந்த மூலையை மடியிலிருந்து எடுத்து, கட்டி ஒடிந்த இடத்தில் பொருத்தினாள். கட்டிக்குள் ஓடிய மஞ்சள் ரேகை மூலையிலும் தொடர்ந்தது. பிறகு அதைப் படியில் தட்டினாள். டொக்.

"இதுவும் என் வயித்தில ஒத்தினதுதான், சாமி. மந்திரம் கேக்கல்ல, வெயிலு மட்டும் பட்டுது. அப்போ எனக்குப் பாதி வயிறு பாழ், பாதி வயிறு நல்லதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"சாபம் விழும், பெண்ணே," என்றார் சுவாமி.

"சாபத்தைப் பையப் போடுங்கோ. முதல்ல உள்ள கிடக்கிற கட்டியெல்லாம் காட்டுங்கோ."

சுவாமி நகரவில்லை. சிவகாமியம்மாள்தான் விறுவிறுவென்று போய்ப் பூஜையறைத் திரையை இழுத்தாள். ஜன்னலோரம் சில கட்டிகள் சுகமாய் வெயில் காய்ந்தன. மற்றவை நனைந்த சாக்குக்குள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

"எடோ, இந்த வாளிதானா உன் மந்திரம்?" என்றாள் சுவாமியிடம்.

பூமிக்கடியில் பாறை யுகயுகமாய் மழையில் ஊறி இற்று மண்ணாகிறது. மற்றது கரைந்து போக, இரும்பு தங்கிச் சிவக்கிறது. வெட்டியெடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் இறுகிக் கல்லாகிறது. இவ்வளவுதான் ரகசியம். பாறை மண்ணாக ஆயிரமாயிரம் வருஷம். சுவாமி பின்வாசலால் மறைய ஒரு நொடி.

வீட்டுக்கு வந்ததும் சிவகாமியம்மாள் காலிப் பெட்டியைத் தானே பரணில் ஏற்றிவிட்டு, மருமகள் சேலைகளை அடுக்கி வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே, "ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் இருக்காளாம். நாளைக்குப் போவோம்," என்றாள்.

"போவோம் அத்தை. உங்க மகனும் வரட்டும். சோதிக்கதுன்னா ரெண்டு பேரையும் சோதிக்கணும்லா."

செம்மண்ணை ஈரச் சாக்கில் மூடி வைத்தால் குழைந்தேதான் கிடக்கும். எவனும் வந்து பிசைவான். புத்தியையும் அப்படி மூடி வைக்காதீர்கள், கண்ணுகளா. கொஞ்சம் வெயிலில் போடுங்கள்.