வரவேற்புக்கு வந்த பூசணிக்காய்

வாலியா நுக், மால்டோவா
அக்டோபர் 19

என் அன்பான ரயிசாவுக்கு,

உன் கணவன் அர்க்காதி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். அங்கே உக்ரைனில், மிக்கோலாயிவில் நீயும், உன் பிரசவ வார்டும், மிச்சமிருக்கும் நம் வீட்டு ஜன்னல்களும் சுகமா? போனில் பதினோரு தடவை "வா" என்று கூப்பிட்டேன். பதினோரு தடவையும் மாட்டேன் என்றாய். அதனால் இந்தக் கடிதத்தில் உன்னைக் கூப்பிடப் போவதில்லை. ஊர்ச் செய்தி மட்டும்தான். நீ இல்லாமல் நான் ஜோராக இருக்கிறேன். சைரன் அடிக்கும்போதெல்லாம் என் இதயம் குதிக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு அனுப்பி வைத்தாய்; ஒன்றரை வருஷம் ஆகிறது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி அக்லயாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள், அவள்தான் இங்கே பெண்கள் சங்கத்துக்குத் தலைவி, அந்தச் சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து நிதி வந்திருக்கிறது, போரில் இடம்பெயர்ந்து வந்த நாங்களும் ஊர்க்காரர்களும் கலந்து பழக வேண்டும் என்பதற்காக. பழகியதற்குப் புகைப்படமும் அனுப்ப வேண்டுமாம். ஓர் ஊர்க்காரர், ஓர் அகதி, ஓர் ஊர்க்காரர், ஓர் அகதி என்று வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முடிப்பதற்குள் பழகிய இரண்டு பேருக்குச் சண்டையே வந்துவிட்டது. பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முதல் நாளே, வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்தைந்து வருஷம் டிராலிபஸ் ஓட்டியவனை அப்புறம் பலகாரத்துக்கு மாவு இழுக்க விட்டார்கள், மேஜை முழுக்கக் காகிதம் மாதிரி மெல்லிசாக இழுக்கணும், நான் தொட்ட இடமெல்லாம் ஓட்டை. "அண்ணே, அது ஸ்டியரிங் இல்ல! மெதுவாப் பிடிங்க, மாவு அழுவுது!" என்று அக்லயா கத்த, கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பக்கத்தில் நீ இருக்கிறாய் என்று நினைத்துத் திரும்பியும் பார்த்துவிட்டேன்.

அந்த நிதியில் இன்னொரு வேலையும் நடந்தது. மூடிக் கிடந்த பாலர் பள்ளியைப் பழுதுபார்த்து, அடுப்பு வைத்த நாலு அறைகள் கட்டினார்கள். ஒன்பது குடும்பங்கள் விண்ணப்பம் போட்டோம். நான் இரண்டு பேர் அறை கேட்டேன். ஏன் இரண்டு பேர் என்று கேட்காதே, படிவத்தில் இடம் இருந்தது. கிடைத்தால் உன்னிடம் பேச ஒரு காரணம் இருக்குமே என்று பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை.

போன சனிக்கிழமை அறுவடைத் திருவிழாவில் முடிவு. மேடையில் மேயர் என் பேரைப் படித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏறினேன். அக்லயா பூப்போட்ட சட்டையோடு வந்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, எட்டுக் கிலோ மஞ்சள் பூசணிக்காய் ஒன்றை என் கையில் வைத்தாள்! ரயிசா, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் பெண் கேட்டு வந்தபோது, நீ உள்ளே போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, வாயைத் திறக்காமலே 'போடா' என்று அனுப்பினாயே, அதே கனம். அப்புறம் நீ மனசு மாறியது வேறு கதை. நம் ஊரில் வேலை கிடைக்காதவனைக்கூடப் பூசணிக்காய் வாங்கினான் என்றுதானே சொல்வோம். எனக்குப் பின்னால் மூன்று பேருக்கும் அதேதான். காய் கிடைக்காத ஐந்து குடும்பமும், இருப்பது நாலு அறை என்பதையும் மறந்து, அறை தங்களுக்குத்தான் என்று கட்டிப்பிடித்துக் கொண்டாட, ஊர்க்காரர்கள் கை தட்ட, நான் நேரே வந்து பெட்டியைக் கட்டினேன்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" என்று அக்லயா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அதான் ஊரே பாக்க வெளிய போன்னு சொல்லிட்டீங்களே!"

"யாரு, நானா? தோட்டத்துலயே பெரிய காயாப் பாத்துக் குடுத்தேனே!"

"அந்தக் காயைத்தான் சொல்றேன்!"

விஷயத்தைச் சொன்னதும் என் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்துப்போயிற்று. அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அட மனுசா! பனிக்காலம் முழுக்க எங்ககூட இருக்கப்போறவங்களுக்குத்தான் இங்க பூசணிக்காய். பனி போற வரைக்கும் கெடாதுல்ல? நாலு நாள் விருந்தாளிக்கு யாராச்சும் எட்டுக் கிலோவைக் குடுப்பாங்களா?" என்று சாவியை எடுத்து நீட்டினாள். மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் இதை விளக்கத்தான் பெரும்பாடு. வசந்தத்தில் இன்னும் ஐந்து அறை என்று சத்தியம் செய்த பிறகே விட்டார்கள்.

எலி வளையானாலும் தனி வளை. இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே வாதுமை மரம். ஒரு கட்டிலில் நான். மற்றதில் என் கோட்டை விரித்து வைத்திருக்கிறேன், காலியாகத் தெரியாமல் இருக்க. ராத்திரி விழித்துப் பார்த்தால் அது கோட்டாகத்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மனசு உன்னைத் தேடுது ரயிசா, ரொம்பத் தேடுது. ஜோராக இருக்கிறேன் என்றது பொய். கூப்பிடுகிறேன், வா.

உன் கையில் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் சத்தமில்லாமல் தூங்கி வளரட்டும். நீ நூறு வயசு இரு, அதில் பாதியாவது என் பக்கத்தில் இரு.

என்றும் உன்,
அர்க்காதி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட வேண்டும். இன்று காலை உறையை ஒட்டப் போகும்போது, நம் பக்கத்து ஹெர்சோனிலிருந்து இன்னா என்றொரு பெண் இரண்டு கைக்குழந்தைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அக்லயா என்னைப் பார்க்காமல் வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தாள். சாவியை நானேதான் கொடுத்தேன். சும்மா கொடுக்கலாமா என்று பூசணிக்காயையும் தூக்கி அவள் கையில் வைத்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்களப் போகச் சொல்றீங்களா, மாமா?" என்று அழுதாள். அப்போதுதான் உறைத்தது, நான் எப்போது இந்த ஊர்க்காரனாக மாறினேன் என்று. அந்த நேரம் பார்த்துப் புகைப்படம் எடுக்க ஒருத்தரும் இல்லை. ஆக, உன்னைக் கூப்பிட இங்கே இப்போது இடமில்லை. அதனால் நான் வருகிறேன். சீட்டு வாங்கியாகிவிட்டது. இதயத்தைச் சொல்லித் திட்டாதே, அது இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? வருகிற வியாழக்கிழமை ராத்திரி டியூட்டி போட்டுக்கொள்ளாதே. நான் தட்டும்போது கதவை நீ திறக்க வேண்டும்.