இரவல் இழுப்பு

சிங்கப்பூரில் நோயாளிகள் இரண்டு வகை. தன் நோயைத் தானே அனுபவிப்பவர் ஒரு வகை. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாவம், இருமிவிட்டுப் போகட்டும். இன்னொரு வகை இருக்கிறார், அவரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். கம்பெனியில் வேலை, கம்பெனிச் செலவில் டாக்டர், கம்பெனிச் செலவில் மருந்து. அதனால் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் அது இவருக்குத்தான் வரும். மாமியாருக்கு மூட்டுவலியா, இவர் நொண்டுவார். பிள்ளைக்குப் பூச்சித் தொல்லையா, டாக்டர் முன்னால் இவர் நெளிவார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சத்து டானிக்கை மீசையை முறுக்கிக்கொண்டே கேட்டு வாங்கி வந்த ஒருவரும் இந்த ஊரில் உண்டு.

நம் தனசேகரன் இந்த இனத்தின் திலகம். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வாடகை வீடு, தஞ்சோங் பாகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. மனைவி சந்திரமதிக்குப் பல வருஷமாக இழுப்பு நோய். மழை இருட்டிக்கொண்டு வந்தால் போதும், அவள் நெஞ்சுக்குள் யாரோ நாதஸ்வரம் பழகத் தொடங்கிவிடுவார்கள். படுக்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பாள். அவளுக்குக் கேட்ட மருந்து ஒன்றே ஒன்று, சீமையிலிருந்து வருகிற ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அதைக் கைக்காசு போட்டு வாங்குவதென்றால் மாதத்தில் பாதி நாள் அடுப்பை மூடிவிட வேண்டியதுதான்.

வைத்தியச் செலவுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் காப்புறுதி எடுத்திருந்தது, வாஸ்தவம். ஆனால் ஊழியருக்கு மட்டும். "அப்ப சம்சாரம்?" என்று தனசேகரன் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். "அது உன் சொந்தச் செலவு" என்றார் அவர். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? மனைவிக்குப் பதிலாகத் தானே மூச்சுத் திணறுவதென்று தனசேகரன் முடிவு செய்தார். எத்தனை புருஷன்மார் இவ்வளவு தூரம் இறங்கி வருவார்கள், நீங்களே சொல்லுங்கள்!

முதல் ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. கண்ணை உருட்டி, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து ஒரு சத்தம் போட்டார்.

"என்னங்க இது, கொட்டாவியா?" என்றாள் சந்திரமதி.

"இழுப்பு."

"உள்ள இழுக்கிறப்ப ஏன் சத்தம் போடுறீங்க? உள்ள போற காத்து எப்படியோ போயிடும். வெளிய வரத்தான் மாட்டேங்கும். விடுறப்ப விசில் அடிக்கணும். தோளைத் தூக்குங்க. மொதல்ல முகத்துல அந்தச் சிரிப்பை அழிங்க."

நல்ல குரு கிடைத்தால் எந்த வித்தைதான் வராது? சிராங்கூன் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது கம்பெனி டாக்டரின் கிளினிக். தனசேகரன் அந்தப் படியில் மூன்று தரம் ஓடி ஏறி இறங்கிவிட்டு, நாலாம் தரம் உள்ளே போய் விசில் அடித்தார். மாத்திரை கிடைத்தது. மாதா மாதம் கிடைத்தது. சந்திரமதி படுத்துத் தூங்கினாள்.

இந்த இனத்துக்கே உள்ள வியாதி ஒன்று இருக்கிறது, அதுதான் பிறகு வந்தது. ஆபீசில் இவரைத் தூசி பறக்கும் சரக்குக் கொட்டகைக்கு யாரும் அனுப்புவதில்லை. பெரிய கிராணி தன் கையாலேயே மின்விசிறியைத் திருப்பி வைத்தார். கோப்பிக்கடையில் ஐஸ் போடாமல் கொண்டுவந்து கொடுத்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஒருவனை நோயாளி என்றால் அவன்தான் எத்தனை நாள் மறுப்பான்? மழை இருட்டினால் இவரும் நெஞ்சைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தார்.

"சந்திரா, எனக்கும் கொஞ்சம் இருக்குமோ?"

"இருக்கும், இருக்கும். மழை வருது, போய் மூங்கில் கழியில காயிற துணியை உள்ள இழுங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்த சங்கீதத்தில் ஒரு நாள் காப்புறுதிக்காரர்கள் குறுக்கிட்டார்கள். ஒரே ஆளுக்கு இவ்வளவு மருந்தா, அப்படிப்பட்டவர் வேலை பார்க்கத்தான் லாயக்கா என்று டாக்டரைக் கேட்டுவிட்டார்கள். டாக்டர் சீனர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். தனசேகரனை எதிரில் உட்காரவைத்து அவர் சொன்னது நம் மொழியில் இதுதான்: "உமக்குக் குணமாகிவிட்டது என்று எழுதினால் மாத்திரை நின்றுவிடும். குணமாகவில்லை என்று எழுதினால் வேலை போய்விடும். எதை எழுதட்டும்?"

தனசேகரனுக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை. மாத்திரை போனால் சந்திரமதி மறுபடியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சற்று யோசித்துவிட்டு, "டாக்டர், இதே மாத்திரை கொடுக்கிற வேறு வியாதி, வேலை போகாத வியாதி ஏதாவது இருக்கிறதா?" என்று மிகுந்த பணிவோடு கேட்டார்.

"இருந்தால் நானே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டு, குணமாகிவிட்டது என்று எழுதி அனுப்பினார் டாக்டர். ஆபீசில் எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். வாழ்நாளில் அத்தனை துக்கமான முகத்தோடு ஆரோக்கியமடைந்தவர் இவர் ஒருவர்தான்.

உடன் வேலை பார்த்த நூருல் அமீனுக்கு விஷயம் தெரியும். தேக்கா சந்தையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அவர்தான் வழி சொன்னார்.

"ஒரே ஆளு இழுத்தாத்தானே அவன் கண்ணுக்குத் தெரியுது? சீட்டுப் போடுற மாதிரி போடுவோம்லா. ஒரு மாசம் எனக்கு இழுப்பு. அடுத்த மாசம் நம்ம ஆபீசு சுப்பிரமணியத்துக்கு. அப்புறம் இன்னொருத்தன்."

"பாய், நான் இதை எப்படித் திருப்பிச் செய்வேன்?"

"எங்க உம்மாவுக்கு முழங்கால் வலி. அதை நீங்க எடுத்துக்குங்க."

நாலு பேர் சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனசேகரன் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. சந்திரமதி எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள். நாலு பேரும் தோளைத் தூக்கி விசிலடித்ததைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"பாய், அது ரயில் வண்டி. இழுப்பு இல்ல" என்றாள் சந்திரமதி.

அமீன் மறுபடியும் செய்தார். இந்தத் தடவை கப்பல் சங்கு. சந்திரமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே வானம் இருட்டியதை யாரும் கவனிக்கவில்லை. சிரித்தவள் தோளைத் தூக்கினாள், வாயைத் திறந்தாள், நீளமாக ஒரு விசில் வந்தது.

"பாத்தீங்களா, இப்படி வரணும்!" என்று கைதட்டினார் சுப்பிரமணியம். நாலு பேரும் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார்கள். அவள் தோள் ஏறுவதுபோல ஏற்றினார்கள், கழுத்து நரம்பு புடைப்பதுபோல முயன்று பார்த்தார்கள். "தங்கச்சி, இன்னும் ஒரு தடவை" என்றார் அமீன். இன்னும் ஒரு தடவை வந்தது. அதற்கு மேலும் வந்தது.

நாலு பேரோடு சேர்ந்து தனசேகரனும் ரசித்துக்கொண்டிருந்தார். அவள் கை ஜன்னல் கம்பியைத் தேடியபோதுதான் அவருக்குப் புரிந்தது. ஓடிப்போய் டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த கடைசி மாத்திரையை அவள் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அது வேலை செய்கிற வரையில், உதடு நீலம் பாரித்து அவள் ஒவ்வொரு மூச்சாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து ஆண்பிள்ளைகளும் தூக்கிய தோளைக்கூட இறக்க மறந்து நின்றார்கள். அமீன் அழுதுவிட்டார்.

மூச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தேத்தண்ணி ஆறிடுச்சு, சூடு பண்ணி எடுத்தாங்க."

மறுநாள் காலையில் அமீன் கிளினிக் படியில் ஓடவில்லை. மெதுவாக ஏறி, டாக்டர் முன்னால் உட்கார்ந்து, முந்தின நாள் பார்த்ததை அப்படியே செய்து காட்டினார். டாக்டர் வெகுநேரம் அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அந்த நெஞ்சு ஒரு விசில்கூட இல்லாமல் கல்லு மாதிரி இருந்திருக்க வேண்டும். "உங்கள் கம்பெனியில் இது தொற்றுநோயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாத்திரையை எழுதினார். தனசேகரன் அந்த வாரமே நொண்ட ஆரம்பித்தார்.

திருட்டுப் பயல்கள் என்று நினைக்கிறீர்கள். சரி, நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே உங்கள் வீட்டு அலமாரியையும் ஒரு தரம் திறந்து பாருங்கள். உங்கள் பெயர் எழுதிய புட்டி ஒன்று அங்கே இருக்கும். அதிலிருந்து ஒரு சொட்டாவது நீங்கள் குடித்ததுண்டா? அப்படி ஒரு புட்டியே இல்லையென்றால் ரொம்ப சந்தோஷம். உங்கள் வீட்டில் யாருக்கும் இன்னும் மூச்சு முட்டவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். முட்டவே வேண்டாம். ஆனால் முட்டினால், டாக்டர் எதிரில் உட்கார்ந்து மேல்மூச்சு வாங்குகிறீர்களே, அப்போது முகத்திலிருந்து அந்த நல்லவன் களையை மட்டும் கொஞ்சம் அழித்துவிடுங்கள். டாக்டர் நம்பமாட்டார்.