அப்பா நடத்திய தங்கப் பாடம்

அப்பா அம்மாவை "தங்கம்" என்று கூப்பிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று கைமாறப் போகிறது என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். கூட வேலை பார்ப்பவர் தன் பழைய காரை விற்கிறார். கதவைச் சாத்தினால் கண்ணாடி தானே இறங்கும் கார். அதை வாங்க அம்மாவின் சங்கிலி வேண்டும். நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. அதனால் எங்களுக்குப் பாடம் நடத்தக் கிளம்பினார்.

பாடம் வேண்டாம் என்றுதான் நான் பள்ளிக்கூடத்துக்கே கும்பிடு போட்டேன். அது வீட்டுக்கே வந்தால் எங்கே ஓடுவது? பக்கத்தில் என் தங்கை குட்டி. கேள்வி கேட்டே ஆளைக் கொல்பவள். ஜன்னலோரம் அம்மா, தையல் மிஷினில்.

"பிள்ளைங்களா, தங்கம்னா என்ன?"

"அம்மா!" என்றாள் குட்டி. "இப்பத்தானே கூப்பிட்டீங்க?"

"அது வேற தங்கம். இது உலோகம். துருப்பிடிக்காது, காந்தத்துல ஒட்டாது. அவ்வளவுதான் அதோட பவிசு. இதுக்குப் போய் ஜனங்க அடிச்சுக்கிறாங்க!"

"ஏன்?"

"பைத்தியம்! பசிச்சா திங்க முடியுமா? ஏறி உட்கார்ந்து ஊர் சுத்த முடியுமா?"

கார் வந்துவிட்டது, ஹாரன் மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷின் நின்றது. "ஏங்க, திடீர்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினா அதுதானே கைகொடுக்கும்?"

"அதெல்லாம் அந்தக் காலம், தங்கம். அழகுக்குத்தானே போடறோம்? கவரிங்ல இல்லாத பளபளப்பா? போட்டிருக்கிறவனுக்கே வித்தியாசம் தெரியாது!"

"தெரியவே தெரியாதா?"

"சத்தியமா!"

"பின்னால தெரிஞ்சா கோபம் வராது?"

"அறிவுள்ளவனுக்கு எதுக்குக் கோபம்? பிள்ளைங்க முன்னாடி சொல்றேன்!"

அம்மா சிரித்தாள். ஊசி பொறுக்கும் காந்தத்தைக் குட்டியிடம் நீட்டினாள். "அப்பா சொன்னது சரியான்னு பாருடி."

குட்டி அம்மாவின் சங்கிலியில் வைத்தாள். ஒட்டவில்லை. தன் கம்மலில் வைத்தாள். ஒட்டவில்லை. அப்பாவின் மோதிரத்தில் வைத்தாள்.

டக்!

"ஐயையோ! என் கல்யாண மோதிரம்!"

இத்தனைக்கும் அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். போலி டிக்கெட்டைப் பத்தடி தள்ளி நின்றே பிடிப்பவர். சொந்த விரலில் கோட்டை விட்டுவிட்டார்.

"போன வருஷம் குளிக்கப் போறப்ப கழட்டி வெச்சீங்களே, அன்னிக்கே இரும்பு மேல முலாம் பூசின கவரிங்கா மாத்திட்டேன்" என்றாள் அம்மா. "உங்க மோதிரம்தான் குட்டி காதுல கம்மலாத் தொங்குது. நல்லா இருக்குல்ல?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டேனே. டிவியில மேட்ச் பார்த்துக்கிட்டே 'உன் இஷ்டம் தங்கம்'னீங்க. உங்க தங்கம், என் இஷ்டம்னு எடுத்துக்கிட்டேன்."

அப்பாவின் முகம் சிவந்தது. கத்த வாயைத் திறந்தார்.

"அப்பா, அறிவுள்ளவங்களுக்குக் கோபம் வராதுன்னீங்களே?" என்றாள் குட்டி.

திறந்த வாயை மூடினார். "வ... வரலைம்மா."

"அப்ப கார்?" என்று நான் கேட்டேன். பாவம்தான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தாராளமா வாங்கட்டும்" என்றாள் அம்மா. "அந்த மோதிரத்தைக் குடுத்து வாங்கட்டும். இரும்புக்கு இரும்பு சரியாப் போச்சு!"

பிறகு ஒரு மணி நேரம் அப்பா மோதிரத்தைத் திருகிக்கொண்டே ஹாலில் நடந்தார். சமையல்கட்டிலிருந்து அம்மாவின் குரல், தேன் ஒழுக வந்தது.

"தட்டு வெச்சாச்சு, சாப்பிட வாங்க, என் கவரிங்கே!"