யஹ்யாவின் கரவனுக்கு ஜீப் சக்கரம்

ஜீப் சக்கரம் கரவனில் ஏற மறுத்தது.

"ஓட்டை ஒத்துப்போகல, முதலாளி" என்றார் கராஜ்காரர் நடராஜா. "கரவனுக்கு நாலு நட்டு. ஜீப் வீலுக்கு அஞ்சு."

"அப்ப அச்சையே மாத்துங்க" என்றார் யஹ்யா.

சீமைக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன கரவன் அது, வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு. துரை அதில் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனார். யஹ்யா அதில் சேலைகளை அடுக்கி, ஜீப்பின் பின்னால் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனார். பல்லேகமையில் துணிக்கடையே இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி, தீபாவளிக்குத் தீபாவளி மாத்தளையிலிருந்து கிளம்புவார். ஆனால் போய்ச் சேர்ந்ததில்லை. ரிவர்ஸ்டன் மலை தாண்டி, தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளான லயங்களுக்குக் கீழே ஒரு வளைவு. அங்கே உள்ள குழியில் ஜீப் இறங்கி ஏறிவிடும். கரவனின் குட்டிச் சக்கரம் வெடிக்கும். சுற்றி நின்ற லயத்துப் பெண்களிடம் சரக்கை விற்றுத் தள்ளிவிட்டுத் திரும்புவார். பல்லேகமைக்குப் போகாத வியாபாரத்தை அவர் வியாபாரமாகவே மதிக்கவில்லை.

மனைவி ஸரீனாவுக்கும் பொறுமை போய்விட்டது. "இந்த முறையும் பாதி வழியில திரும்பினீங்கன்னா, கரவன வித்துட்டு ரவூப் நானாட கடையில போய் நில்லுங்க!"

மைத்துனன் ரவூபின் கடையில் சேலை மடித்துப் போடுவதற்குப் பதில், யஹ்யா கரவனுக்கு ஜீப் சக்கரம் போட கராஜுக்கு வந்துவிட்டார்.

அச்சு மாறியது. சக்கரம் ஏறியது, ஆனால் சுற்றவில்லை. மட்கார்டில் உரசியது.

"மட்கார்ட வெட்டுங்க."

வெட்டினார்கள். இப்போது கரவனின் அடிப்பாகத்தில் உரசியது.

"உடம்பத் தூக்குங்க."

தூக்கினார்கள். கரவன் பின்பக்கம் உயர்ந்து, ஜீப்பை முட்ட வரும் மாடு போல மூக்கைத் தாழ்த்தி நின்றது. உள்ளே இருந்த சேலைக்கட்டெல்லாம் முன்பக்கம் சரிந்தது. ஜீப்பின் கொக்கியை உயர்த்திப் பூட்டினார்கள். எல்லாம் நேரானபோது கதவு நெஞ்சு உயரத்தில் இருந்தது.

"ஆளுங்க எப்படி ஏறுவாங்க?" என்று கேட்டாள் ஸரீனா.

யஹ்யா ஓர் ஏணி வாங்கினார்.

தீபாவளிக்குக் கிளம்பினார்; வழியில் சோதனைச்சாவடியில் ராணுவத்தினர் அவரை இறக்கினார்கள். "இவ்வளவு உசரத்துக்கு அடியில என்ன ஒளிச்சு வச்சிருக்கே?" என்று சிங்களத்தில் கேட்டுக் குனிந்து பார்த்தார்கள். ஒவ்வொரு சேலையையும் பிரித்துப் போட்டார்கள். மடித்து வைத்தவர் யஹ்யாதான்.

ரிவர்ஸ்டன் பனியைத் தாண்டினார். வளைவு வந்தது. குழி முன்னைவிடப் பெரிதாக இருந்தது. யஹ்யா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கரவன் இறங்கியது, ஏறியது, ஒன்றும் ஆகவில்லை! மேட்டில் நின்ற பெண்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து இவரும் கையை ஆட்டினார்.

பல்லேகமையில் கரவனை நிறுத்தி, ஏணியைச் சாத்தி, நாள் முழுக்கக் காத்திருந்தார். ஒருவரும் ஏறவில்லை. தேநீர்க்கடை நடத்தும் சிங்கள நோனாவுக்கே பாவமாக இருந்தது.

"இப்ப யாரு மாத்தயா புதுத்துணி எடுப்பாங்க?" என்றாள் சிங்களத்தில். "எங்களுக்குச் சித்திரையிலதானே அவுருது, புதுவருசம். அப்ப வாங்க."

இந்த ஊர்க்காரர்கள் தீபாவளி கொண்டாடுவார்களா என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே என்று யஹ்யாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. மறுநாள் காலை முழுச் சரக்கோடு திரும்பினார். வழியெல்லாம் ரவூபின் கடைதான் கண்ணுக்குள் நின்றது.

வளைவில் ஒரு பெண் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். கொழுந்து பறிக்கிற காத்தாயி. பின்னால் லயமே திரண்டு நின்றது. யஹ்யா பிரேக்கை மிதித்தார்.

"ஏன் காத்தாயி, வண்டியில விழப் பாக்குறே?"

"நல்லா கேட்டீங்க முதலாளி! துணி எடுக்க டவுனுக்குப் போனா வழி நெடுக பஸ்ஸ விட்டு எறக்கி ஐடி கேக்குறாங்க, போகவே பயமா இருக்கு. கை காட்டுனா நீங்களும் நிக்க மாட்டேங்கிறீங்க. அதான் வருசா வருசம் இந்தக் குழிய வெட்டுறோம். இந்த வருசம் முழங்கா ஆழத்துக்கு வெட்டியும் நிக்காம போயிட்டா, நாங்க தீவாளிக்கு எதத்தான் கட்டுறது?"