மாப்ளகாரும் புகை சர்ட்டிபிகேட்டும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்யாணமான ஆண்களில் பாதிப் பேரைக் கொண்டுபோய் மண்டபத்தில் தள்ளிய பாவம் ஒரே ஆளைச் சேரும். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை அழைப்பு என்றால் அவருடைய பழைய வெள்ளைக் காரைத்தான் வாடகைக்குப் பேசுவார்கள். அதனால் ஊருக்கே அவர் மாப்ளகார்.

முன்னால் நாதஸ்வரம், பின்னால் சொந்தபந்தம், நடுவில் முதல் கியரில் அவர். மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் அந்தக் கார் போய் நான் பார்த்ததில்லை. ரேஷன் கடைக்குப் போனாலும் அதே ஊர்வலம்தான். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவான். கேட்டால், "மாலை கசங்கிடும் சார்" என்பார். உள்ளே அரிசி மூட்டைதான் இருக்கும்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் முடித்துவைத்தவருக்கு ஐம்பதை நெருங்கியும் ஒன்றும் அமையவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம், "வாங்க டிரைவரு, மாப்ள எங்க?" என்றே கேட்டார்கள். கடைசியில் ஜெயங்கொண்டத்தில் ஓர் இடம் கூடிவந்தது. பெண் அங்கன்வாடி ஊழியர், நாற்பதைத் தாண்டியவர். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தன்னை மறந்துபோனவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எந்தங்கச்சி மாப்ளைங்க எல்லாரும் அந்தக் கார்லதாங்க வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் நான் வாசல்ல நின்னு பாத்தேன். நீங்களும் அதுலயே வாங்க."

மாப்ளகார் உருகிவிட்டார். ஓட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளையே ஓட்டி வந்தால் நன்றாக இருக்காதாம்.

சனி அதோடு விட்டதா? பெண்ணின் அண்ணன் போக்குவரத்துப் போலீஸில் ஏட்டு. நிச்சயதார்த்தத்தன்று காரை ஒரு சுற்று சுற்றி வந்தவர், "மாப்ள, புகை சர்ட்டிபிகேட் முடிஞ்சுபோச்சே. அது இல்லாம எங்க ஊருக்குள்ள ஓட்டுனீங்கன்னா நானே கேஸ் போடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார் என்பதுதான் கொடுமை.

நல்ல நேரம் பார்த்து, காருக்குக் கதம்பம் சுற்றி, குங்குமம் வைத்துப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த ஆபரேட்டர் புகைக்குழாயில் கருவியைச் சொருகிவிட்டுத் திரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது காரா, செங்கல் சூளையாங்க? ஃபெயிலு."

மறுமுறை போனபோது ஆபரேட்டர் கருவியைச் சொருகியதும் அது ஒரு மாதிரி கீச்சிட்டு நின்றுவிட்டது. வெளியே இழுத்தால் சொட்டச் சொட்டத் தண்ணீர். ரோஜா வாசம் வேறு.

"யோவ், குழாய்க்குள்ள என்னய்யா ஊத்துன?"

"பன்னீரு தெளிச்சேங்க" என்றார் மாப்ளகார் பணிவாக. "வரவங்க மேல தெளிக்கிற மாதிரி, நாலு சொட்டு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கருவியைக் கழற்றிக் காயவைத்து முடிக்கும்வரை நாங்கள் வாங்கிய திட்டை இங்கே எழுதினால் பத்திரிகையை மூடிவிடுவார்கள்.

மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆயுசு பூரா முதல் கியர்ல ஓட்டிருக்கீங்க. உள்ள எல்லாம் கரி. ஹைவேல கொண்டுபோயி ஒரு விரட்டு விரட்டுங்க. கொஞ்சம் கழியும்."

விரட்டுவதா, அவரா? திருச்சி–சென்னை சாலையில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. "மிதிங்க, மிதிங்க!" என்று கத்திக் கத்தி ஒருவழியாக நாலாவது கியருக்கு ஏற்றினேன். பின்னால் கரும்புகை கக்கிக்கொண்டு கார் பறந்தது. ரஞ்சன்குடி கோட்டை தெரிந்தது. அப்பாடா என்றேன்.

அந்த நேரம் பார்த்துச் சாலையோரக் கோயிலில் எவனோ தவில் வாசித்தான்.

மாப்ளகாரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. கார் நடக்கத் தொடங்கியது. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிறீச்சிட்டு நின்றன. ஒரு டிரைவர் இறங்கி வந்து, "எழவு வூட்டுக்கா போறீங்க?" என்றார்.

"கல்யாணத்துக்குங்க" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார் இவர்.

மறுநாளும் ஃபெயில். இன்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றாமல் ஆகாது, சாமான் வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்று மெக்கானிக் கையை விரித்தார். மாப்ளகார் கார்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வேணாம் சார். கல்யாணத்த நிறுத்திருவோம். அவங்க கேட்டதே அது ஒண்ணுதான். அதக்கூடத் தர முடியல."

நானே பெண்ணுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இவர் திக்கித்திணறிச் சொல்லி முடித்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "கார் கெடக்கட்டுங்க. நீங்க நடந்தாவது வந்துருங்க" என்று கேட்டது.

போனை வைத்ததும் மாப்ளகார் துள்ளி எழுந்தார். "சார்! நடக்கற வேகந்தான? அதுக்கு எதுக்கு சார் இன்ஜினு?"

பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். முந்திரி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் காரை ஏற்றி ஜெயங்கொண்டம் கொண்டுபோய், பிள்ளையார் கோயில் வாசலில் இறக்கினோம். சாவியைப் போடாமல் நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, பட்டு வேட்டியும் மாலையுமாக அவர் பின்சீட்டில் ஏற, நாலைந்து சொந்தக்காரர்கள் தள்ள, மேளம் கிளம்பியது. ஏட்டு வந்து குனிந்து புகைக்குழாயைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. நேரே முன்னால் போய், எதிரே வந்த டவுன் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார்.

கடைவீதி வருவதற்குள் தள்ளியவர்களுக்கு மூச்சு வாங்கியது. கார் நின்றது. தொலைந்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மளிகைக் கடைக்குள்ளிருந்து தொந்தியும் தொப்பையுமாக ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னையக் கொண்டாந்து மாட்டிவுட்டவன்டா இவன்! தள்றா, இன்னைக்கு இவன மாட்டிவுடாம வுடக் கூடாது!"

உரக்கடையிலிருந்து இருவர் வந்தார்கள். டீக்கடை பெஞ்சே காலியானது. எல்லாரும் அந்தப் பின்சீட்டில் ஒருநாள் உட்கார்ந்தவர்கள். பெண்ணின் தங்கை புருஷர்களும் ஓடி வந்து கைகொடுத்தார்கள். கார் போனது பாருங்கள், அப்படி ஒரு சீரான நடை இன்ஜின் ஓடியபோதுகூட இல்லை.

மண்டபத்து மாடி சன்னலில் மணப்பெண் நின்றிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. வாசலில் ஆரத்தித் தட்டு வந்துவிட்டது. நான் இறங்கிப் பின்கதவில் கை வைத்தேன். மாப்ளகார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இத்தன வருஷத்துல நான் பின்னாடி உக்காந்ததே இல்ல. இவ்ளோ நல்லாருக்கும்னு ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலயே."

ஆரத்திக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். கதவு மாட்டிக்கொண்டது, திறக்க வரவில்லை என்று நான் வாய்கூசாமல் பொய் சொன்னேன்.